ஏழாவது இன்னிங்ஸில் எழுந்து நின்ற மாமா

தொலைக்காட்சிக்கு முன்னால் மாமா எழுந்து நின்ற அந்த மாலை இன்னும் என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. கட்டம் போட்ட சாரம், ஏசிக் குளிருக்குப் பயந்து அதற்கு மேல் மாட்டிய கம்பளிச் சட்டை. இரண்டு கைகளையும் முன்னால் கோத்து, தலையைக் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். திரையில் மைதானம் நிரம்பிய சனம் கையை மேலே நீட்டியும் மடக்கியும், பாட்டுக்கு ஏற்றபடி இடுப்பை ஆட்டியும் கூத்தடித்துக்கொண்டிருந்தது. ஒரு பெடியன் பக்கத்திலிருந்தவரின் தலையில் சோளப்பொரியைக் கொட்டினான். மாமா அசையவில்லை. பாட்டு முடிந்ததும் கண்ணைத் திறந்தார். "இந்தச் சனம் செத்தவீட்டிலையும் ஆடுது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நான் சோபாவின் மறுமூலையில் தலையணையைக் கடித்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு வந்த அதே கணத்தில் பயமும் வந்துவிட்டது. இறந்துபோன மத்தியஸ்தர்களுக்கு, அதாவது அம்பயர்மாருக்கு, மரியாதை செய்யத்தான் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள் என்று ஐந்து நிமிடத்துக்கு முன்னர் அவருக்கு விளக்கம் கொடுத்தவன் நான்.

பேஸ்போலில் ஏழாவது இன்னிங்ஸின் நடுவில் ஒரு சின்ன இடைவெளி உண்டு. நெடுநேரம் குந்தியிருந்த சனம் எழுந்து கைகாலை நீட்டிச் சோம்பல் முறிக்கும் நேரம் அது. வேறொரு தத்துவமும் அதற்குள் இல்லை. இதை இன்றைக்கு நான் மிகுந்த தெளிவோடு எழுதுகிறேன். அன்றைக்கு எனக்கு இது தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது. என்னுடைய வியாதியே அதுதான். யாராவது என்னை ஒரு கேள்வி கேட்டால் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும், வாய் மட்டும் தன்பாட்டில் ஒரு பதிலைச் சொல்லிவிடும். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியவரும். ஊரில் இப்படிப்பட்டவனைப் பகிடிக்காரன் என்பார்கள். என் மனைவி இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறாள். அச்சில் போட ஏலாது.

மாமா என்றால் மனைவியின் தகப்பனார். யாழ்ப்பாணத்தில் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் கிளாக்கராக இருந்தவர். கிழமை நாட்களில் கோப்பு, சனி ஞாயிறுகளில் வெள்ளைத் தொப்பி. அந்தப் பக்கத்துக் கிரிக்கெட் போட்டிகளில் அவர் மத்தியஸ்தராக நின்ற காலத்தைப் பற்றி இன்னும் கதைக்கிறார்கள். தன் சொந்தத் தம்பிக்கே எல்பிடபிள்யூ கொடுத்தவர். அன்றைக்குத் தம்பிக்குப் பெண் பார்க்க வந்தவர்களும் மைதானத்தில் இருந்தார்களாம். தம்பி மூன்று வருடம் அவரோடு கதைக்கவில்லை. "பந்து காலிலைதான் பட்டது" என்பதற்கு மேல் மாமா அதைப்பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. இப்படிப்பட்ட மனிதரின் மகளை நான் கலியாணம் செய்து இருபத்தைந்து வருடமாகிறது. இருபத்துநான்கு வருடம் அவர் என் ஒரு பகிடிக்கும் சிரிக்கவில்லை. நான் பகிடி விடுவேன்; அவர் என்னைப் பார்ப்பார்; ஒரு நீண்ட இடைவெளி விழும்; பிறகு மனைவியிடம் "பிள்ளை, தேத்தண்ணி இருக்கே?" என்று கேட்பார். அந்த இடைவெளிக்குள் நான் பலமுறை செத்திருக்கிறேன்.

போன வருடம் ஆவணியில் அவர் ஒஷாவாவிலிருந்து பிக்கரிங்கில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். அங்கே அவருடைய மகன் வீட்டில் நிலம் கிளப்பி, சுவர் உடைத்துத் திருத்தவேலை நடந்தது. மூன்று மாதத்துக்குத்தான். அங்கே கிரிக்கெட் சனல் இருந்தது, எங்கள் வீட்டில் இல்லை. முதல் நாள் ரிமோட்டை அமத்தி அமத்திப் பார்த்தவர், மட்டையும் பந்தும் தெரிந்த ஒரே இடத்தில் நிறுத்தினார். அது எங்கள் ஊர் பேஸ்போல் அணியின் ஆட்டம். முந்தின வருடம் தங்கள் பிரிவில் கடைசியாக வந்த அணி, அந்த வருடம் யாரும் எதிர்பாராமல் முன்னுக்கு ஓடிக்கொண்டிருந்தது. "நீர் முப்பத்திமூண்டு வருசமா இஞ்சை இருக்கிறீர். உமக்கு உது விளங்கும்தானே?" என்று கேட்டார். "ஓம் மாமா, நல்லா விளங்கும்" என்றது என் வாய்.

உண்மையில் பேஸ்போலோடு எனக்கிருந்த ஒரே உறவு ஒரு குளியல் தொட்டி. நான் இந்த நாட்டுக்கு வந்து சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடியில் ஐந்து பேரோடு அறை எடுத்திருந்த காலம். ஒருநாள் இரவு நான் மட்டும் தனியே இருந்தேன். திடீரென்று கீழே தெருவெல்லாம் ஆயிரம் கார் ஹோர்ன் அடித்தது. சனம் கத்தியது, எங்கோ வெடி வெடித்தது. ஊரிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகாத உடம்பு. அதற்கு இந்தச் சத்தங்களுக்கு ஒரேயொரு அர்த்தம்தான் தெரியும். லைற்றை அணைத்தேன். அகதி வழக்குப் பேப்பர்களை ஒரு பொலித்தீன் பையில் போட்டேன். அரை இறாத்தல் பாண் ரொட்டியையும் எடுத்துக்கொண்டு குளியல் தொட்டிக்குள் படுத்தேன். இரும்புத் தொட்டி, குண்டு துளைக்காது என்று கணக்கு. விடிய வேலை முடிந்து வந்த அறை நண்பர்கள் என்னைத் தொட்டிக்குள் கண்டெடுத்தார்கள். இந்த நகரத்து பேஸ்போல் அணி உலகத் தொடரை வென்றிருந்தது. நகரமே தெருவில் கட்டிப்பிடித்து ஆடிய இரவில் நான் பாணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். அடுத்த வருடமும் வென்றார்கள். அந்தமுறை நான் தொட்டிக்குள் போகவில்லை, கதவை மட்டும்தான் பூட்டினேன். அதோடு பேஸ்போலைக் கைகழுவிவிட்டேன்.

ஆனால் மாமாவுக்கு இதெல்லாம் சொல்ல முடியுமா? அவர் ஒரு கொப்பி வாங்கிவரச் சொன்னார். மேலே கோடு போட்டு 'விதிகள்' என்று எழுதினார். மத்தியஸ்தராக நின்று பழகிய கண். மூன்று பிழையான அடிக்கு ஆள் வெளியே, நான்கு பிழையான பந்துக்கு நடந்து போகலாம் என்பதை எல்லாம் மூன்றே நாளில் பார்த்துப் பார்த்தே பிடித்துவிட்டார். பார்த்து அறிய முடியாதவற்றுக்கு மட்டும்தான் என்னிடம் வருவார். முதற் கேள்வி அடிப்பவருக்குப் பின்னால் நிற்கும் மத்தியஸ்தரைப் பற்றியது.

"உவர் ஏன் முகத்திலை கூடு போட்டிருக்கிறார்?"

"ஆளை அடையாளம் தெரியாமல் இருக்கத்தான் மாமா. பிழையாத் தீர்ப்புக் குடுத்தால் சொந்தக்காரர் வீடு தேடி வந்திடுவினம்."

அந்த நீண்ட இடைவெளி விழுந்தது. நான் வழக்கம்போலச் சாகத் தயாரானேன். மாமாவின் மீசை ஒரு பக்கம் மேலே போனது. "நல்ல ஏற்பாடு. எங்களுக்கும் உப்பிடி ஒண்டு இருந்திருந்தால் என்ரை தம்பி மூண்டு வருசம் கதையாமல் இருந்திருப்பானே?" என்றார். சிரித்தார். குசினிக்குள்ளிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். இருபத்துநான்கு வருடத்தில் முதல் தடவை. அந்தச் சிரிப்பின் ருசி கண்ட பிறகு நான் திருந்துவேன் என்று யாரும் எதிர்பார்க்கக்கூடாது. அணியின் வயதான பயிற்சியாளரான மனேச்சர் ஏன் பெடியளைப் போலவே உடுப்புப் போட்டிருக்கிறார் என்று கேட்டபோது, ஆட்கள் காணாவிட்டால் அவர்தான் இறங்கி விளையாட வேண்டும் என்றேன். "பாவம் மனிசன்" என்றார் மாமா. அதன்பிறகு யாராவது ஆட்டக்காரர் தடக்கி விழுந்தால் "கிழவனை வெளிக்கிடச் சொல்லுங்கோ" என்று திரையைப் பார்த்துச் சொல்லுவார். நானும் அவரும் சேர்ந்து சிரிப்போம். ஏழாவது இன்னிங்ஸில் சனம் ஏன் எழும்புகிறது என்று கேட்டபோது, மத்தியஸ்தர் சம்பந்தமாக எதையாவது சொன்னால் அவருக்குப் பிடிக்கும் என்று தெரிந்திருந்ததால், என் வாய் செத்துப்போன மத்தியஸ்தர்களைக் கூட்டி வந்துவிட்டது. அதற்கு அவர் சிரிக்கவில்லை. கொப்பியில் எழுதினார், கீழே இரண்டு கோடு போட்டார். பிறகு எழுந்து நின்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நின்றார். நானும் பக்கத்தில் நின்றேன். நிற்காமல் என்ன செய்ய? புரட்டாதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நகரத்துக்குள் தங்கிப் படிக்கும் மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். தகப்பனும் பாட்டனும் தலைகுனிந்து நிற்கும் காட்சியைக் கண்டு என்னைக் குசினிக்குள் இழுத்தாள். "அப்பா, இட்ஸ் ஜஸ்ட் அ ஸ்ட்ரெச்! அம்மப்பாக்கு என்ன சொன்னனீங்கள்?" சொன்னேன். அவள் குளிர்சாதனப் பெட்டியில் சாய்ந்து சத்தம் வராமல் கண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "யூ ஹாவ் டு டெல் ஹிம். அவர் உதை நம்பிறார்" என்றாள். அந்தக் கடைசி வசனத்தில் சிரிப்பு இல்லை. அடுத்த கிழமை சொல்லுகிறேன் என்றேன். எத்தனையோ அடுத்த கிழமைகள் போயின. அணி வென்றுகொண்டே போனது. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு நீலக் கொடி ஏறியது. வென்றுகொண்டிருக்கும் அணியின் நடுவில் உண்மையைக் கொண்டுபோய் வைக்க யாருக்கு மனம் வரும்?

ஐப்பசியில் வந்தது வினை. இறுதித் தொடருக்குப் போவது யார் என்பதைத் தீர்மானிக்கும் ஆட்டம். அன்று காலை, மாமா போய்வரும் ஸ்காபரோ முதியோர் சங்கத்தின் செயலாளர் அன்ரி ரெலிபோன் எடுத்தார். "தம்பி, இண்டைக்குச் சங்கத்திலை பெரிய திரை கட்டுறம். ஐயாவைக் கூட்டிக்கொண்டு வாரும். அவர்தான் எங்கள் எல்லாருக்கும் விளங்கப்படுத்தப் போறார். கொப்பி முழுக்க எழுதி வைச்சிருக்கிறாராம், ஒரு பிழை இருக்காதாம்!" ரிசீவரை வைத்தேன். அறுபது பேருக்கு முன்னால், சொந்தத் தம்பிக்கே விட்டுக்கொடுக்காத மத்தியஸ்தர், நான் அவிழ்த்துவிட்ட புளுகை விதி என்று வாசிக்கப் போகிறார். அங்கே விஷயம் தெரிந்த ஒரே ஒருத்தர் இருந்தால் போதும். எண்பத்திரண்டு வருடம் அவர் சேர்த்து வைத்த பெயர் அந்த இடத்திலேயே அவுட்.

பதற்றம் வந்தால் எனக்கு மூளை நன்றாக வேலை செய்யும், தப்பான திசையில். முதலில் வீட்டு ரிமோட்டின் பற்றரியைக் கழற்றி ஒளித்தேன். ஆட்டம் சங்க மண்டபத்தில் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. அடுத்ததாகக் காய்ச்சல் வந்தவன் போலக் கண்ணாடிக்கு முன்னால் நின்று முனகிப் பழகினேன். மனைவி வந்து பார்த்துவிட்டு, "வாயுத்தொல்லை எண்டால் இஞ்சி அவிச்சுத் தாறன்" என்றாள். காரைக் கெடுப்போம் என்று மூடியைத் திறந்தேன். உள்ளே எது எது என்று தெரியாமல் திரும்பவும் மூடினேன். கடைசியில் மாமாவை ஏற்றிக்கொண்டு கிங்ஸ்ரன் வீதியில் போய்க்கொண்டிருந்தேன். அவர் உடம்பில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சேர்ட், மடியில் கொப்பி. சிவப்பு விளக்கில் துணிவை எல்லாம் திரட்டினேன்.

"மாமா, உங்களுக்கு ஒண்டு சொல்லோணும்."

"சொல்லும்."

"இண்டைக்குக் குளிர் கூட."

"ஓம்" என்றார் மாமா. பச்சை விழுந்தது.

மண்டபத்தில் அறுபது பேருக்குக் குறையாது. தடி, நடைவண்டி, மப்ளர், பிளாஸ்கில் தேத்தண்ணி, தட்டம் நிறைய ரோல்ஸ். மாமா ஒலிவாங்கியைப் பிடித்தபோது, நான் இதுவரை பார்த்திராத ஒரு மனிதராக இருந்தார். "எங்கடை கிளித்தட்டு விளையாட்டிலை கோடெல்லாம் தாண்டி உப்புக் கொண்டு வாற மாதிரித்தான் இதுவும். சுத்தி வந்து வீட்டைத் தொட்டால்தான் கணக்கு" என்று அவர் தொடங்கியதும், பேஸ்போல் என்றால் முகத்தைச் சுழித்த அன்ரிமார்கூடக் கதிரையை முன்னுக்கு இழுத்தார்கள். மனேச்சர் ஏன் உடுப்புப் போட்டிருக்கிறார் என்பதையும் சொன்னார். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். என் பக்கத்தில் இருந்தவர் மட்டும் உச்சுக்கொட்டவில்லை. முப்பது வருடம் இந்த நகரத்தில் பஸ் ஓட்டி இளைப்பாறிய ஒரு அண்ணை. "தம்பி, உது பிழையெல்லே?" என்று என் காதுக்குள் கேட்டார். முப்பது வருடமும் ரேடியோவில் ஆட்டம் கேட்டே பஸ் ஓட்டியவராம். எனக்கு முதுகால் ஓடிய வேர்வையில் ஒரு சின்னப் பயிர் செய்திருக்கலாம்.

ஏழாவது இன்னிங்ஸின் பாதி முடிந்தது. நாங்கள் இரண்டு ஓட்டத்தால் பின்னுக்கு. மாமா திரையின் சத்தத்தை நிறுத்தச் சொன்னார். "எல்லாரும் ஒருக்கா எழும்புங்கோ. இது செத்துப்போன அம்பயர்மாருக்கு மரியாதை குடுக்கிற நேரம்." பஸ் அண்ணை வாயைத் திறந்தார். "ஐயா, உது சும்மா…" நான் அவருடைய கையைப் பிடித்தேன். பிடித்தேன் என்பது மரியாதைக்கு, நகம் பதிந்திருக்கும். "அண்ணை, உங்கடை கால்லை விழுறன். எழும்புங்கோ." அவர் என்னைப் பார்த்தார், பிறகு மாமாவைப் பார்த்தார், எழுந்தார். நடைவண்டிகள் கிறீச்சிட மண்டபமே எழுந்தது.

மாமா ஒரு பெயரைச் சொன்னார். இங்கே எழுதவில்லை. "இருபது வருசம் எனக்கு மற்ற முனையிலை நிண்ட அம்பயர். இடம்பெயர்ந்து போன இடத்திலை செத்தவர். செத்தவீட்டுக்கு என்னாலை போக ஏலேல்லை. இண்டைக்கு அவருக்கு நிக்கிறன்." எனக்கு அது புதிது. இருபத்துநான்கு வருடத்தில் அவர் இப்படி ஒருவரைப்பற்றிக் கதைத்ததே இல்லை.  பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா மெல்லக் கேட்டார். "ஐயா, என்ரை மனிசன் ஒருக்காப் பள்ளிக்கூடத்து மட்சுக்கு அம்பயரா நிண்டவர். அவரும் கணக்கோ?"

"கணக்கு" என்றார் மாமா.

"என்ரை அண்ணர் வலைப்பந்துக்கு நிண்டவர்."

"வலைப்பந்தும் கணக்கு."

"என்ரை மனிசன் ஒரு விளையாட்டுக்கும் நிக்கேல்லை. ஆனால் வீட்டிலை எல்லாத் தீர்ப்பும் அவர்தான்."

மாமா கொஞ்சம் யோசித்தார். "அதுவும் கணக்கு."

சிலர் சிரித்தார்கள், சிரித்தபடியே மூக்கையும் துடைத்தார்கள். நான் சோம்பல் முறிக்கும் ஒரு இடைவெளியில் பொய்யைப் போட்டு வைத்தேன். அந்தச் சனம் தங்கள் தங்கள் ஆட்களைக் கொண்டுவந்து அதற்குள் இருத்திவிட்டது. நான் பஸ் அண்ணையின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அழுகையா, பிடிபட்டுவிடுவோம் என்ற பயமா என்று பிரித்தறிய முடியவில்லை. எனக்கு இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் வரும்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். அந்த இன்னிங்ஸின் மற்றப் பாதியில் எங்கள் அணி துடுப்பெடுத்தது. இரண்டு பேர் பேஸில் நின்றார்கள். ஒரு மூத்த ஆட்டக்காரர் மட்டையோடு வந்தார். பந்து மதிலைத் தாண்டிச் சனத்துக்குள் போய் விழுந்தது. மூன்று ஓட்டம். பின்னுக்கு நின்ற நாங்கள் ஒன்றால் முன்னுக்கு. மண்டபத்தில் நடந்ததை எழுத எனக்குச் சொல் இல்லை. தடிகள் கூரைக்குப் போயின, நடைவண்டிகள் தனியே ஓடின. செயலாளர் அன்ரி என்னைக் கட்டிப்பிடித்தார், பிறகு ரோல்ஸ் தட்டத்தைக் கட்டிப்பிடித்தார். அந்த ஓட்டத்தோடு அணி இறுதித் தொடருக்குப் போனது. செத்த அம்பயர்மார்தான் பந்தை மதிலுக்கு அங்காலை தள்ளினவை என்று ஒரு அம்மா சொன்னார். அறுபது பேரும் ஒத்துக்கொண்டார்கள். பஸ் அண்ணை என் காதுக்குள், "இனி நான் வாய் திறக்கமாட்டன் தம்பி. நான் உண்மையைச் சொல்லி, அடுத்த மட்ச் தோத்தால் இவையள் என்னை உயிரோடை விடமாட்டினம்" என்றார்.

இறுதித் தொடர் ஏழு ஆட்டம் போனது. சங்கம் ஏழுக்கும் எழுந்து நின்றது. ஆறாவது ஆட்டத்தில் பந்து மதிலுக்கடியில் செருகுப்பட்டு, எங்களுக்குக் கிடைக்கவேண்டிய ஓட்டம் இல்லை என்று தீர்ப்பு வந்தபோது ஊரே மத்தியஸ்தர்களைத் திட்டியது. மாமா ஒருத்தர்தான், "பந்து செருகுப்பட்டால் ஆட்டம் நிக்கோணும். தீர்ப்புச் சரி" என்றார். கடைசி ஆட்டம் வழமையான ஒன்பது இன்னிங்ஸில் தீராமல் நீண்டது. ஒரேயொரு ஓட்டத்தால் தோற்றோம். அடுத்தநாள் காலையில் எங்கள் தெரு முழுக்க யாரோ செத்த வீடு மாதிரிக் கிடந்தது. பக்கத்து வீட்டுச் சீனக்காரர் குப்பை வாளியை வைத்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். நாங்கள் ஒரே தெருவில் பதினொரு வருடம் இருக்கிறோம். நாங்கள் கதைத்த முதற் கதை அதுதான்.

உள்ளே மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு இலக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார். லண்டன் இலக்கம். அந்த மற்ற முனை மத்தியஸ்தரின் மகன் அங்கே இருக்கிறாராம். "அவனுக்கு ஒருக்காச் சொல்லோணும். உன்ரை அப்பன் மாதிரி ஆக்களுக்கு இந்த நாட்டிலை மைதானம் நிறைஞ்ச சனம் எழும்பி நிக்குது எண்டு. வாற வருசம் அவனை இஞ்சை கூப்பிட்டுக் காட்டோணும்." இலக்கத்தை அமத்த விரலை நீட்டினார்.

அந்த விரலுக்கும் ரெலிபோனுக்கும் இடையில் இருந்த தூரம்தான் என் வாழ்க்கையிலேயே மிக நீளமான தூரம். அறுபது பேர் நம்பியது போதும். லண்டனில் தகப்பனை இழந்த ஒரு மனிதன் விமானம் ஏறி வந்து, சோளப்பொரி கொட்டும் சனத்துக்கு நடுவில் தலைகுனிந்து நிற்பதை என்னால் பார்க்க முடியாது. "மாமா, பொய்" என்றேன். வேறு முன்னுரை வரவில்லை. "அது கைகால் நீட்டுற நேரம். எனக்கு பேஸ்போல் ஒண்டும் தெரியாது. மனேச்சர் கதையும் பொய். முகக் கூடும் பொய்." குசினிக்குள் ஏதோ விழுந்து உடைந்தது. மனைவி கதவில் நின்றாள். "என்ரை அப்பாவோடை உங்கடை விளையாட்டு வேண்டாம் எண்டு கலியாணத்தண்டே சொன்னனானே!"

மாமா கையைக் காட்டி அவளை நிறுத்தினார். கொப்பியை எடுத்து இரண்டு கோடு போட்ட பக்கத்தைத் திறந்தார். "கூடு பந்து படாமல் இருக்கத்தான் எண்டு எனக்குத் தெரியும். நீர் பகிடிக்குச் சொன்னீர், நானும் பகிடிக்குக் கேட்டனான். மனேச்சரை நம்பினனான். எழும்பி நிக்கிறதைப் பகிடி எண்டு நினைக்கவேயில்லை." அவ்வளவுதான். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு அவர் ரெலிபோனை எடுத்து லண்டனுக்கு அடித்தார். நான் சுவரோடு சுவராக நின்று கேட்டேன். சுகம் விசாரித்தார். பிறகு சொன்னார்: "தம்பி, இஞ்சை எங்கடை சங்கத்திலை அறுபது பேர் உன்ரை அப்பாவின்ரை பெயரைச் சொல்லி எழும்பி நிண்டவை. ஒருநாள் இல்லை, எட்டு நாள்." மைதானத்தைப்பற்றி ஒரு வார்த்தை இல்லை. சொன்னதில் ஒரு பொய் இல்லை. மறுமுனையில் அந்த மனிதர் என்ன சொன்னாரோ, மாமா நெடுநேரம் "ஓம், ஓம்" என்றபடி கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

அந்தக் கிழமையே ஒஷாவா வீட்டு வேலை முடிந்து அவர் போய்விட்டார். பனிக்காலம் முழுக்க என்னோடு கதைக்கவில்லை. மனைவி ரெலிபோனில் கதைத்துவிட்டு "இந்தாங்கோ" என்று என்னிடம் நீட்டும்போது மறுமுனையில் அவர் வைத்துவிட்டிருப்பார். தைப்பொங்கலுக்குப் போனோம், பொங்கல் தந்தார், என்னைப் பார்க்கவில்லை. அவருடைய தம்பி அந்த மூன்று வருடத்தை எப்படித் தாங்கினார் என்று நினைத்துக்கொண்டேன். பகிடி விடவே எனக்குப் பிடிக்கவில்லை. என் வேலையிடத்தில் எனக்கு ஏதும் வருத்தமோ என்று விசாரித்தார்கள்.

பங்குனியில் செயலாளர் அன்ரி ரெலிபோன் எடுத்தார். மாமா சங்கக் கூட்டத்தில் எழுந்து, தான் பிழையான விதி சொல்லிவிட்டதாக எல்லோருக்கும் அறிவித்துத் திருத்தினாராம். யார் சொல்லித் தந்தது என்று கேட்டதற்கு வாய் திறக்கவில்லையாம். "ஆனால் அது ஆரெண்டு எங்களுக்குத் தெரியாதோ என்ன?" என்றார் அன்ரி. சங்கம் இரண்டு முடிவு எடுத்திருந்தது. விதி இருக்கிறதோ இல்லையோ, ஏழாவது இன்னிங்ஸில் எழும்பி நிற்பது நிற்பதுதான். போனமுறை நின்றுதானே அணி இறுதித் தொடர்வரை போனது. இரண்டாவது, இந்த வருடத்து முதல் ஆட்டத்துக்கு மருமகன் வந்து, விதிப் புத்தகத்தை ஒழுங்காகப் படித்து, எல்லோருக்கும் விளங்கப்படுத்த வேண்டும்.

மூன்று கிழமை படித்தேன். அகதி வழக்குக்குக்கூட அப்படிப் படித்ததில்லை. அன்றைக்கு அதே மண்டபத்தில் புத்தகத்தோடு நின்றேன்.  மாமா முன்வரிசையில், முகத்தில் ஒன்றும் இல்லாமல் இருந்தார். கேள்விகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்து, எழுத்துக்கு எழுத்து வாசித்தேன். பஸ் அண்ணை தலையை ஆட்டி ஆட்டி அங்கீகரித்தார். எனக்கு மெல்ல மெல்ல மூச்சு வந்தது. புத்தகத்தை மூடினேன். அப்போது பின்வரிசை அம்மா ஒருவர் கையை உயர்த்தினார்.

"தம்பி, பந்து போடுறவர் ஒவ்வொருக்காலும் போடமுன்னம் ஏன் தொப்பியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்?"

புத்தகத்தில் அது இல்லை. அறுபது முகங்கள் என்னைப் பார்த்தன. நெஞ்சு படபடத்தது, உள்ளங்கை வேர்த்தது. "அது அம்மா…" என்றது வாய், "அவரின்ரை மனிசி காலமை எழுதிவிட்ட, கடையிலை வாங்கவேண்டிய சாமான் துண்டு உள்ளுக்கை…"

முன்வரிசையில் மாமா மெதுவாக எழுந்தார். வலக்கையை உயர்த்தி, ஒற்றைச் சுட்டுவிரலைக் கூரையை நோக்கி நீட்டினார்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த மண்டபம். அந்த விரலின் அர்த்தத்தை யாருக்கும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. கூரை பறக்கச் சிரித்தார்கள். நான் புத்தகத்தைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு, ஆட்டமிழந்தவன் நடக்கிற மாதிரித் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்தேன். அவரைத் தாண்டும்போது மாமா அந்த விரலை மடக்கினார். அதே கையால் பக்கத்துக் கதிரையில் கிடந்த தன் மப்ளரை எடுத்து மடியில் வைத்துவிட்டு, "இரும், துவங்கப் போகுது" என்றார்.